மன்ரோவியா வணிகர்களைப் பற்றிப் படிக்கவும் எழுதவும் விரும்புவோருக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

1829 பிப்ரவரியில் வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறையிலிருந்து ‘ஹாரியட்’ என்ற கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டது. தாயோடும் உடன்பிறந்தாரோடும் அதில் ஏறியவர்களில் ஒருவர் ஜோசப் ஜென்கின்ஸ் ராபர்ட்ஸ். இருபது வயது நிரம்ப அவருக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. 1848 ஜனவரியில் அவரே லைபீரியக் குடியரசின் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவரை ஆளாக்கியது வணிகம். செம்பனை எண்ணெயும் தந்தமும் சாயமரமும் வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கிருந்து துணியும் புகையிலையும் வரவழைத்து விற்றார். லைபீரியாவைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை இந்தக் கடையைத் தாண்டிக் குதித்து நேராகப் பதவி நாற்காலிக்குப் போய்விடுகின்றன. அந்த நாற்காலி எங்கிருந்து வந்தது என்பது அதனால் புரியாமலே போகிறது.

1816-இல் வாஷிங்டனில் தொடங்கிய அமெரிக்கக் குடியேற்றச் சங்கம், அமெரிக்காவின் கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவில் குடியமர்த்தப் பணம் திரட்டியது. 1822-இல் மெசுராடோ முனையில் குடியிருப்பு உருவானது. 1824-இல் அதற்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்றோவின் பெயரால் மன்ரோவியா என்று பெயரிட்டார்கள். 1867-க்குள் 13,000-க்கும் மேற்பட்டோர் இந்தச் சங்கத்தின் உதவியோடு அங்கே போயிருந்தார்கள். அவர்களில் பெருவணிகர் ஆனவர்கள் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிப் பேர்தான் நாட்டை உருவாக்கினார்கள், நடத்தினார்கள், அதன் கதவுகள் யாருக்குத் திறக்கும் என்பதையும் முடிவு செய்தார்கள்.

இவர்களைப் பற்றிய எழுத்து இரண்டு பக்கமும் சாய்ந்து கிடக்கிறது. ஒரு சாரார் இவர்களைச் சங்கிலி உடைத்த வீரர்களாக மட்டும் காட்டுகிறார்கள். மறு சாரார், அடிமையாய் இருந்தவர்கள் அங்கே போய் எசமானர்களானார்கள் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுகிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டும் அரைகுறை. கல்லூரிக் கட்டுரைக்கோ பத்திரிகைக்கோ இவர்களைப் பற்றி எழுதப் போகிறவர்களுக்காகக் கீழே உள்ளவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

செய்ய வேண்டியவை

சரக்குப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். கொள்கை, கனவு, சுதந்திரப் பிரகடனம் எல்லாம் பிறகு வரட்டும். மன்ரோவியாவில் இறங்கியவை: பருத்தித் துணி, இலைப் புகையிலை, ரம், வெடிமருந்து, துப்பாக்கி, இரும்புப் பானை, பித்தளைப் பாத்திரம், உப்பு, பாசிமணி. அங்கிருந்து ஏறியவை: லிவர்பூலில் சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் இயந்திரங்களுக்கு மசகாகவும் பயன்பட்ட செம்பனை எண்ணெய், துணிக்குச் சிவப்பேற்றும் காம்வுட் மரம், யானைத் தந்தம், பின்னாளில் பனங்கொட்டை, காப்பி, சர்க்கரை. குடியேறியவர்கள் சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி அக்கம்பக்கத்து ஆப்பிரிக்கர்கள் விளைவித்தது.

இந்தப் பட்டியலை மெதுவாகப் படித்தால் வேறொன்றும் தெரியும். லாட் கேரி வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர், ரிச்மண்ட் நகரின் புகையிலைக் கிடங்கில் வேலை பார்த்தவர். கழிவுப் புகையிலையைச் சிறுசிறு பொட்டலமாக விற்றுச் சேர்த்த காசும் சேர, 1813-இல் 850 டாலர் கொடுத்துத் தன்னையும் தன் இரு குழந்தைகளையும் மீட்டார். 1821-இல் கடல் கடந்து போய்ப் போதகராகவும் மருத்துவராகவும் வணிகராகவும் வாழ்ந்தார். அவர் போன கரையில் எண்ணெய்க்கும் தந்தத்துக்கும் மாற்றாகச் செல்லுபடியான பொருட்களில் ஒன்று, அதே அமெரிக்கத் தெற்கில் அடிமைகள் விளைவித்த புகையிலை. விடுதலை பெற்றவரின் வாணிபத்துக்குள்ளும் விடுதலை பெறாதவர்களின் உழைப்பு இருந்தது. இதைச் சொல்வதால் கேரியின் பெருமை குறையாது. சொல்லாவிட்டால் அட்லாண்டிக் வணிகம் எப்படிப்பட்டது என்பது நம் வாசகருக்குத் தெரியாமல் போகும்.

கடன் போன வழியைப் பின்தொடருங்கள். என் பார்வையில் மிக முக்கியமான அறிவுரை இதுதான். பலரும் தவறவிடுவதும் இதைத்தான். அன்றைய மன்ரோவியாவில் வங்கி இல்லை. நாணயம் அரிது. நியூயார்க்கிலிருந்தோ பால்டிமோரிலிருந்தோ லிவர்பூலிலிருந்தோ வரும் கப்பல், சரக்கை மன்ரோவியா வணிகரிடம் கடனாக இறக்கிவிட்டுப் போகும். அது ஆற்றோரத்துக் கிட்டங்கியில் ஏறும். அங்கிருந்து அவர் கடற்கரை நெடுகத் தான் வைத்திருக்கும் சிறு வணிக நிலையங்களுக்கு, அதாவது பாசா, சினோ, கேப் மவுண்ட் போன்ற இடங்களில் இருக்கும் முகவர்களுக்கு, பற்று எழுதி அனுப்புவார். முகவர் அதை உள்ளூர்த் தலைவரிடமோ வணிகரிடமோ நம்பிக்கைக் கடனாகக் கொடுப்பார். அவர் இன்னும் உள்ளே இருக்கும் ஊர்களுக்குத் தருவார். இத்தனை கை மாறிய துணி, தலைச்சுமையாகவும் படகிலும் எண்ணெயாகத் திரும்பி வரப் பல மாதங்கள் ஆகும். மே முதல் அக்டோபர் வரை கொட்டும் மழையில் பாதை அடைபட்டுவிடும். அதற்குள் கப்பல்காரர் பாக்கி கேட்டு வந்து நிற்பார்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அடி எல்லோருக்கும் விழும். உள்நாட்டில் இரண்டு இனக்குழுக்களுக்குள் சண்டை வந்தால் மன்ரோவியாவில் ஒருவர் கடனாளி ஆவார். ஆகவே சரக்கைவிடப் பெரிய முதல், ஒருவர் பேர்மேல் மற்றவர் வைக்கும் நம்பிக்கை. தேவாலயமும் திருமண உறவும் பின்னாளில் ஃப்ரீமேசன் சங்கமும் இந்த ஊரில் ஏன் இவ்வளவு கனம் பெற்றன என்பதை இந்தக் கோணத்திலிருந்து பாருங்கள். ராபர்ட்ஸ் 1836-இல் மணந்த ஜேன் ரோஸ், வர்ஜீனியாவிலிருந்து வந்த போதகரும் வணிகருமான கோல்ஸ்டன் வேரிங்கின் மகள். ராபர்ட்ஸின் கூட்டாளி வில்லியம் கோல்சன், பீட்டர்ஸ்பர்க் நகரில் முடிதிருத்தும் கடை நடத்திய சுதந்திரக் கறுப்பர். கப்பலேறும் முன் ராபர்ட்ஸ் வேலை பார்த்ததும் அவர் கடையில்தான். ஒருவர் அந்தக் கரையில், ஒருவர் இந்தக் கரையில் என்று நடந்த அந்தக் கூட்டு வணிகத்துக்குச் சாட்சி கையெழுத்தைவிட உறவும் பழக்கமும்தான்.

காய்ச்சலையும் கணக்கில் சேருங்கள். 1820 முதல் 1843 வரை வந்து இறங்கியவர்கள் 4,571 பேர். 1843-இல் உயிரோடு எஞ்சியிருந்தவர்கள் 1,819 பேர். வரலாற்றாசிரியர் டாம் ஷிக் பழைய பதிவுகளிலிருந்து எடுத்துக் காட்டிய எண்கள் இவை. பெரும் கொலைகாரன் மலேரியா. 1820-இல் முதலில் வந்த ‘எலிசபெத்’ கப்பலின் பயணிகளை ஷெர்ப்ரோ தீவில் இறக்கினார்கள். சில வாரங்களில் அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரும் உடன் வந்த வெள்ளை முகவர்கள் மூவரும் மாண்டார்கள். இந்த எண்களைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு வணிகரின் வெற்றிக் கதையைப் படித்துப் பாருங்கள். பிழைத்திருப்பதே அங்கே ஒரு முதலீடு. ஸ்டீபன் ஆலன் பென்சன் 1822-இல் ஆறு வயதுக் குழந்தையாக வந்தார். அந்தக் கரையிலேயே வளர்ந்து, அதன் காய்ச்சலுக்கும் மொழிகளுக்கும் பழகி, பாசாவில் பெரிய வணிகரானார். 1856-இல் இரண்டாம் குடியரசுத் தலைவரும் ஆனார். முப்பது வயதில் வந்து இறங்கியவருக்கு இந்த வாய்ப்பு மிகக் குறைவு. கடன் வாங்கியவர் காய்ச்சலில் செத்தால் கடனும் அவரோடு புதைந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தக் கரையில் ஏற்கெனவே இருந்தவர்களையும் வணிகர்களாகவே பாருங்கள். ‘பூர்வகுடிகள்’ என்று ஒரு சொல்லில் அடைத்துவிட்டால் கதையின் பாதி போய்விடும். மெசுராடோ முனையில் இருந்த டெய் மக்கள் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்து உள்நாட்டுக்கு விற்றவர்கள். உள்ளேயிருந்து வரும் பொருளுக்கும் கப்பலுக்கும் நடுவில் நின்று தரகு பார்த்தவர்கள். வடமேற்கில் வாய் மக்கள். 1830-களில் அவர்களில் ஒருவரான மொமொலு துவாலு புகேலே வாய் மொழிக்கென ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். வாய் வணிகர்கள் தங்கள் கணக்குகளை அதில் எழுதினார்கள். உள்ளே போபோலுவில் சாவோ போசோ என்ற தலைவர் பல இனத்தாரைக் கூட்டி வணிகப் பாதையைக் காவல் செய்தார். மாண்டிங்கோ வணிகர்கள் நெடுந்தொலைவிலிருந்து சரக்கோடு வந்தார்கள்.

1821 டிசம்பரில் சங்கத்தின் முகவர் எலி அயர்ஸும் கடற்படை அதிகாரி ராபர்ட் ஸ்டாக்டனும் டெய் தலைவர்களிடமிருந்து நிலத்தை வாங்கினார்கள். பீட்டர் அரசர் என்று ஆங்கிலேயர் அழைத்த தலைவரின் தலைக்கு நேரே துப்பாக்கியை நீட்டி வாங்கினார்கள் என்ற கதை நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. அதைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். விலைப்பட்டியலில் ஐயம் இல்லை: துப்பாக்கிகள், ஒரு பீப்பாய் வெடிமருந்து, புகையிலை, மணிகள், இரும்புப் பானைகள், கத்தி, கரண்டி. அதிலும் ஒரு பகுதி பிறகு தருவதாகச் சொன்ன பாக்கி. முழு மதிப்பும் முந்நூறு டாலர் அளவுக்குத்தான். நாட்டின் முதல் பத்திரமே கடைச் சரக்குக் கணக்குதான்! 1822 இறுதியில் குடியேறிகளுக்கும் கரையோர மக்களுக்கும் நடந்த போரைக் ‘காட்டுமிராண்டிகளின் தாக்குதல்’ என்று பழைய குடியேற்ற நூல்கள் எழுதின. ஒரே கரையில் தரகுரிமை யாருக்கு என்று இரண்டு தரப்பு மோதியதாக அதைப் படித்துப் பாருங்கள். அடிமை வாணிபம் நின்றுவிடும் என்ற அச்சமும், இடத்தை இழந்த கோபமும், தரகு பறிபோகும் கவலையும் அதில் கலந்திருந்தன.

க்ரூ மக்களையும் மறக்காதீர்கள். மன்ரோவியாவுக்கு முறையான துறைமுகம் 1948-இல்தான் கிடைத்தது. அதுவரை கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. ஆளை உருட்டும் அலைகளைக் கடந்து மூட்டையையும் பீப்பாயையும் கரை சேர்த்தவர்கள் க்ரூ படகோட்டிகள். அவர்கள் இல்லாமல் எந்த மன்ரோவியா வணிகருக்கும் வணிகம் இல்லை.

சுங்கத்தைப் படியுங்கள். லைபீரியாவின் சுதந்திரம் ஒரு சுங்கத் தகராறில் கருக்கொண்டது. 1840-களில் பாசா கரையில் வணிகம் செய்த ஆங்கிலேயர்கள், ஒரு தனியார் சங்கத்தின் குடியிருப்புக்குச் சுங்கம் தர முடியாது என்றார்கள். நாடு என்று ஒன்று இருந்தால்தானே வரி என்பது அவர்கள் வாதம்; பிரிட்டிஷ் கடற்படையும் அதையே சொன்னது. 1845-இல் சுங்கம் கட்டாத ‘லிட்டில் பென்’ என்ற ஆங்கிலக் கப்பலை லைபீரிய அதிகாரிகள் பிடித்து வைத்தார்கள். பதிலுக்குப் பிரிட்டிஷார் ‘ஜான் சேஸ்’ என்ற கப்பலைக் கைப்பற்றினார்கள். அதன் உரிமையாளர் நாம் மேலே பார்த்த பென்சன். ஒரு வணிகரின் கப்பல் பறிபோனபோது, தனக்கென்று கொடி இல்லாத ஊரின் நிலை எல்லோருக்கும் விளங்கியது. 1846-இல் வாக்கெடுப்பு நடந்தது. 1847 ஜூலை 26-இல் சுதந்திரம் அறிவிக்கப்பட்டது. பிரகடனத்தை எழுதிய ஹிலரி டீக் ஒரு போதகர், ‘லைபீரியா ஹெரால்ட்’ இதழின் ஆசிரியர்; அவரும் வணிகரே. பிரிட்டன் 1848-இல் புதிய நாட்டை ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா ஏற்க 1862 ஆயிற்று, அதுவும் லிங்கன் காலத்தில். அதுவரை, வாஷிங்டனில் ஒரு கறுப்பினத் தூதர் சமமாக உட்காருவதைத் தென்மாநிலங்கள் சகிக்கவில்லை.

கொடி வந்த பிறகும் கடல் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. 1822 முதல் தென் கரோலினாவில் ஒரு சட்டம் இருந்தது: துறைக்குள் வரும் கறுப்பின மாலுமியை, கப்பல் புறப்படும் வரை சிறையில் வைக்க வேண்டும். மன்ரோவியா வணிகர் எட்வர்ட் ஜேம்ஸ் ராயின் கப்பல் லைபீரியக் கொடியோடு நியூயார்க்குக்கும் லிவர்பூலுக்கும் போனது. சார்ல்ஸ்டனுக்குப் போயிருந்தால் மாலுமிகளுக்குக் காத்திருந்தது சிறை.

எதிரெதிராக எழுதியவர்களைச் சேர்த்தே படியுங்கள். குடியேற்றச் சங்கம் 1825 முதல் நடத்திய ‘ஆஃப்ரிகன் ரெபாசிட்டரி’ இதழ் தகவல் சுரங்கம். ஆனால் நன்கொடை திரட்ட நடந்த இதழ் அது. வெற்றி பெற்ற வணிகர் அதில் அடிக்கடி வருவார், செத்துப்போன குடும்பம் ஓரத்தில் நிற்கும். பென்சில்வேனியாவைச் சேர்ந்த வில்லியம் நெஸ்பிட் போய்ப் பார்த்துத் திரும்பி 1855-இல் கடுமையான கண்டன நூல் வெளியிட்டார். அதே மாநிலத்துச் சாமுவேல் வில்லியம்ஸ் 1857-இல் அதற்குப் பதில் எழுதினார். இரண்டையும் ஒரே வாரத்தில் படித்தால் நல்லது. சாதாரணக் குடியேறிகளின் கடிதங்களையும் தேடுங்கள். 1833-இல் வர்ஜீனியாவிலிருந்து விடுவிக்கப்பட்டு வந்த கல்தச்சர் பெய்டன் ஸ்கிப்வித், தன் முன்னாள் எசமானருக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. கடைவிலை எவ்வளவு கசந்தது, ஒரு பீப்பாய் மாவுக்கும் ஆணிக்கும் துணிக்கும் அமெரிக்காவை எப்படி எதிர்பார்த்திருந்தார்கள் என்பதை வணிகரின் எதிர்ப்பக்கத்திலிருந்து அவை காட்டும்.

அகஸ்டஸ் வாஷிங்டன் எடுத்த படங்களைப் பாருங்கள். கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் நிழற்பட நிலையம் வைத்திருந்த கறுப்பினக் கலைஞர் இவர். அடிமை ஒழிப்புப் போராளி ஜான் பிரவுனை 1840-களிலேயே படம் எடுத்தவர். 1853-இல் லைபீரியாவுக்குக் குடிபெயர்ந்தார். மன்ரோவியாவின் அரசியலாரையும் வணிகரையும் வெள்ளித்தகட்டில் பதிந்தார். பின்னர் தாமே கரும்புத் தோட்டக்காரரும் வணிகரும் ஆனார். அவர் எடுத்த யூரியாஸ் மெக்கில்லின் படம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. பால்டிமோரிலிருந்து வந்த மெக்கில் சகோதரர்களின் வணிக நிறுவனம் மன்ரோவியாவில் பேர்பெற்றது. நல்ல உடுப்பில், நிமிர்ந்த தலையுடன் இருக்கும் அந்த முகத்தைப் பார்க்கும்போது, அமெரிக்காவில் அவருக்கு மறுக்கப்பட்டது எது என்பது எந்தப் புள்ளிவிவரத்தையும்விட எனக்குத் தெளிவாகிறது. அதே உடுப்பு, துணிமாற்று வணிகத்தில் அவருக்குப் பனை எண்ணெய் கொண்டுவந்த மனிதரிடமிருந்து அவரை எவ்வளவு தூரம் விலக்கி வைத்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

‘தாயகம் திரும்பினார்கள்’ என்று எழுதாதீர்கள். எட்வர்ட் ராய் பிறந்தது ஒஹையோ மாநிலத்தின் நெவார்க்கில். படித்தது அதே மாநிலத்தின் ஏதென்ஸில். கடை வைத்தது இண்டியானாவில். 1846-இல் லைபீரியாவில் இறங்கியபோது அங்கே பேசப்பட்ட ஒரு மொழியும் அவருக்குத் தெரியாது. குடியேறியவர்களின் முன்னோர் அங்கோலாவிலிருந்தோ கானா கரையிலிருந்தோ நைஜீரியாவிலிருந்தோ பிடித்துச் செல்லப்பட்டிருக்கலாம். ஆப்பிரிக்கா ஒரே வீடு இல்லை. ‘விரும்பிப் போனார்கள்’ என்பதையும் யோசித்தே எழுதுங்கள். கப்பலேறச் சம்மதித்தால் மட்டும் விடுதலை என்று எசமானர் உயில் எழுதி வைத்த அடிமைக்கு விருப்பம் என்று ஒன்று எங்கே இருந்தது? 1817-இல் ஃபிலடெல்ஃபியாவின் பெத்தேல் தேவாலயத்தில் சுமார் மூவாயிரம் கறுப்பின மக்கள் கூடி இந்தக் குடியேற்றத் திட்டத்தை ஒருமனதாக நிராகரித்தார்கள். கப்பல்பாய் தைக்கும் தொழிலில் செல்வம் சேர்த்த ஜேம்ஸ் ஃபோர்ட்டன் அந்தக் கூட்டத்தின் முன்னணியில் இருந்தார். அமெரிக்காவே எங்கள் நாடு என்று நின்றவர்களும் சேர்ந்ததுதான் இந்த வரலாறு.

எல்லோரையும் ‘முன்னாள் அடிமைகள்’ என்றும் சொல்லிவிடாதீர்கள். ராபர்ட்ஸ், ராய், அகஸ்டஸ் வாஷிங்டன் மூவரும் சுதந்திரராகப் பிறந்தவர்கள். கொஞ்சம் முதலும் எழுத்தறிவும் வெளித் தொடர்பும் கொண்டு வந்தவர்கள் பெருவணிகர் ஆனார்கள். தோட்டத்திலிருந்து நேராகக் கப்பலுக்கு ஏற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் செயிண்ட் பால் ஆற்றங்கரையில் மண்ணோடு போராடினார்கள். இந்தப் பிளவு லைபீரிய அரசியலில் நெடுங்காலம் நீடித்தது.

உழவை வெறுத்தார்கள் என்று பழி போடாதீர்கள். இது அன்றே தொடங்கிய குற்றச்சாட்டு. சங்கத்தின் முகவர் ஜெஹூடி ஆஷ்மன், குடியேறிகள் கடை வைப்பதையே நினைக்கிறார்கள் என்று வருந்தி, 1825-இல் உழவுக்கு ஒரு வழிகாட்டி நூலே எழுதினார். மெசுராடோ முனையோ பாறை. ஏர் இழுக்கக் கொண்டு வந்த மாடும் குதிரையும் நோயில் செத்தன. வர்ஜீனியாவில் பழகிய கோதுமை அங்கே விளையாது. உள்ளூர்க்காரர் விளைவித்த அரிசி மலிவாகக் கிடைத்தது. புதிதாய் வந்தவருக்குச் சங்கம் ஆறு மாதம்தான் சோறு போட்டது. அந்த ஆறு மாதமும் பலருக்குக் காய்ச்சலில் போனது. இந்த நிலையில் ஒரு மூட்டை புகையிலையைக் கடன் வாங்கிக் கடற்கரையோரம் விற்கப் போனவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெண்களை விட்டுவிட்டு எழுதாதீர்கள். வணிகப் பதிவுகளில் ஆண் பெயர்களே நிறைந்திருப்பதால் இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும். டென்னசியில் அடிமையாகப் பிறந்து 1830-இல் சிறுமியாக வந்த மார்த்தா ஆன் ரிக்ஸ், காய்த்துக் குலுங்கும் காப்பிச் செடியைத் துணியில் தைத்து, 1892-இல் விண்ட்சர் அரண்மனையில் விக்டோரியா மகாராணியிடம் நேரில் கொடுத்தார். உடன் சென்றவர் ராபர்ட்ஸின் மனைவி ஜேன். காப்பியை நம்பி வாழ்ந்த ஒரு நாட்டின் வணிகச் சின்னத்தை உலகுக்குக் காட்டியவர் ஒரு பெண்.

அடிமை வாணிபத்துக்கும் இவர்களுக்கும் இருந்த தொடர்பை ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். குடியிருப்பின் சட்டம் அடிமை வாணிபத்தைத் தடை செய்தது. கரையோரத்து அடிமைக் கொட்டடிகளை அழிக்கக் குடியேறிகள் ஆயுதமேந்திப் போனார்கள், சிலர் உயிரையும் விட்டார்கள். லாட் கேரி 1828-இல் இறந்ததும் கொள்ளையடிக்கப்பட்ட ஒரு வணிக நிலையத்துக்காக மூண்ட மோதலின்போதுதான். தோட்டா தயாரிக்கையில் வெடிமருந்து தீப்பற்றியது. ஆனால் மனிதரை வாங்கிய கையும் எண்ணெயை வாங்கிய கையும் அந்தக் கரையில் நீட்டியது ஒரே சரக்கு: துணி, ரம், வெடிமருந்து. விற்ற வெடிமருந்து எந்த ஊரின் மேல் வெடித்தது என்று பின்தொடர்ந்து பார்க்க ஒரு வணிகருக்கும் வழியில்லை, பலர் பார்க்க முயலவும் இல்லை.

அவர்கள் பட்ட அநீதியைக் காட்டி, அவர்கள் செய்த அநீதியை மறைக்காதீர்கள். 1860-களின் நடுவில் வந்த துறைமுகச் சட்டம் வெளிநாட்டுக் கப்பல்கள் ஆறு துறைகளில் மட்டுமே வணிகம் செய்யலாம் என்றது. அந்த ஆறும் குடியேறிகளின் ஊர்கள். நூற்றாண்டுகளாகத் தம் கரையிலேயே கப்பல்களோடு பேரம் பேசிவந்த க்ரூ மக்களும் பிறரும் ஒரே சட்டத்தால் நேரடி வணிகத்தை இழந்தார்கள், இடையில் மன்ரோவியா வணிகர் வந்து நின்றார். சுங்கம் வாங்க நீ ஒரு நாடா என்று பிரிட்டிஷார் கேட்டபோது துடித்தவர்கள்தான், தங்களோடு வாழ்ந்த மக்களுக்கு அந்த நாட்டில் குடியுரிமை தராமல் வைத்திருந்தார்கள். அது சட்டப்படி கிடைக்க 1904 வரை ஆனது. சொத்து நிபந்தனையோடு வாக்குரிமை அதற்கும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. வீட்டுவேலைக்கும் தோட்டத்துக்கும் உள்நாட்டுக் குழந்தைகளை ‘வளர்க்க’ எடுத்துக்கொண்ட வழக்கத்தையும் எழுதுங்கள். சிலருக்கு அது பள்ளிக்கும் பெயருக்கும் வழியானது, பலருக்குச் சம்பளமில்லா வேலையாகவே முடிந்தது.

இந்த வணிகர்களின் வீழ்ச்சிக்கு ராய் ஒருவரைக் குற்றவாளியாக்காதீர்கள். அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது நாடு வாங்கிய கடன் மோசமானது என்பதில் சந்தேகமில்லை. 1871-இல் லண்டனில் ஒரு லட்சம் பவுண்டுக்கு எழுதப்பட்டது. ஏழு விழுக்காடு வட்டி. பத்திரங்கள் முகமதிப்பைவிட முப்பது விழுக்காடு குறைவாக விலைபோயின. மூன்றாண்டு வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள். நாட்டுக்கு வந்து சேர்ந்தது சொற்பம். அந்த அக்டோபரிலேயே ராய் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். 1872 தொடக்கத்தில் இறந்தார், தப்பிக்கக் கடலில் இறங்கி மூழ்கினார் என்று சொல்வார்கள். ஆனால் அவருக்கு முன்பே அடித்தளம் ஆடத் தொடங்கியிருந்தது. 1850-களில் பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு முறை வைத்து வர ஆரம்பித்தன. பாய்மர ஸ்கூனர் வைத்திருந்தவரால் அந்த வேகத்துக்கும் கூலிக்கும் ஈடுகொடுக்க முடியவில்லை. ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் செயற்கைச் சாயம் பிறந்தது, காம்வுட் விலை விழுந்தது. ஹாம்பர்க்கின் வோர்மன் போன்ற நிறுவனங்கள் பெருமுதலோடு மன்ரோவியாவிலேயே கடை விரித்தன. பீட்கிழங்குச் சர்க்கரை கரும்பை அழுத்தியது, பிரேசில் காப்பி லைபீரியக் காப்பியை அழுத்தியது.

காப்பியைப் பற்றிப் பேசும்போது நமக்கு நெருக்கமான ஒன்றையும் சேர்க்க வேண்டும். 1869 முதல் இலங்கையின் காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் அரித்தபோது, அதைத் தாங்கும் என்ற நம்பிக்கையில் தோட்ட முதலாளிகள் லைபீரியக் காப்பி இனத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள். அந்தச் செடியாலும் தோட்டங்களை மீட்க முடியவில்லை, தேயிலை வந்தது. லைபீரியாவின் விதை உலகம் சுற்றியது. அதன் ஆதாயம் லைபீரிய வணிகர் கைக்கு வரவில்லை.

1980-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு 1830-ஐ எழுதாதீர்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் சாமுவேல் டோவின் படையினர் குடியரசுத் தலைவர் டோல்பர்ட்டைக் கொன்றார்கள், சில நாட்களில் பதின்மூன்று உயரதிகாரிகளைக் கடற்கரையில் சுட்டார்கள். குடியேறிகளின் வழித்தோன்றல்களின் நீண்ட ஆட்சி அத்தோடு முடிந்தது. வணிகர்களின் பேராசை நேராக அங்கே கொண்டுபோய் விட்டது என்று கோடு கிழிப்பது எளிது. நடுவில் நூற்றைம்பது ஆண்டுகள் இருக்கின்றன: 1926-இல் ஃபயர்ஸ்டோனுக்குப் பத்து லட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டுக் குத்தகை, 1930-இல் கட்டாய உழைப்பு பற்றிய சர்வதேச விசாரணை, அதனால் ஒரு குடியரசுத் தலைவரின் பதவி விலகல். ராபர்ட்ஸ், பென்சன் காலத்து வணிகக் குடும்பங்கள் பல 1870-களுக்குப் பின் கப்பலையும் கிட்டங்கியையும் அயலாரிடம் இழந்தன. கடலில் கிடைக்காத வருமானத்தை அவர்களின் பிள்ளைகள் அரசு உத்தியோகத்தில் தேடினார்கள். வாணிபம் செய்தவரின் மகன் சுங்க அதிகாரியாகவும், அவர் மகன் அமைச்சராகவும் மாறிய அந்த முப்பது, நாற்பது ஆண்டுகளைப் பற்றித்தான் மிகக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் குடும்பம் எந்த ஆண்டில் கடையை மூடியது, எந்த ஆண்டில் பதவிக்கு வந்தது என்ற கேள்வியோடு உங்கள் தேடலை அங்கே தொடங்குங்கள்.